மதுரைக்கு ஓர் ஒத்திகை

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி பதினேழு நிமிடத்துக்கு என் மகளின் கையை விட்டேன். இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் உண்டு. பஸ் ஸ்டாண்ட் டைம்கீப்பர் அறைச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக் கையிலிருந்த நோட்டில் நானே எழுதிக்கொண்டேன்: 'தொடக்கம் 4.17'. அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. முடிவு நேரத்துக்கென்று விட்ட இடம் காலியாகவே கிடக்கிறது.

அவளுக்கு அப்போது எட்டு வயது. இப்போது ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், என் தோளைத் தாண்டி வளர்ந்துவிட்டாள். ஆனாலும் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டைக் கடக்கும்போது நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறேன். "விடும்மா, எல்லாரும் பாக்காங்க" என்று உதறுவாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, போனால் போகிறது என்று கையைத் திரும்பக் கொடுப்பாள்.

எல்லாம் ஒரு தூணால் வந்தது. மதுரைக்குப் போய்வந்த வகுப்புத் தோழி ஒருத்தி, மகாலில் இருக்கிற தூண்களைப் பற்றி அவளிடம் அளந்திருக்கிறாள். ஒரு தூணைக் கட்டிப்பிடிக்க மூன்று பேர் கைகோத்து நிற்க வேண்டுமாம். அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சில்லை. நான் அப்போது இங்கே ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. என் கணவருக்கு நெய்வேலியில் வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் வருவார். காலாண்டு விடுமுறையில் இரண்டு நாள் மதுரைக்குப் போய்வரலாமா என்று கேட்டு எழுதினேன். 'எனக்கு லீவு கிடையாது, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நீயே போய் வா, செலவைப் பார்த்துக்கொள், ஜாக்கிரதை' என்று பதில் வந்தது. செலவைப் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியும். கடைசி வார்த்தைதான் என்னைத் தூங்க விடவில்லை.

நான் எதையும் எழுதி வைத்துக்கொண்டு செய்கிறவள். பழைய பாடக்குறிப்பேடு ஒன்றின் பின்பக்கங்களில் பயணத்தைப் பாடக்குறிப்பு போலவே எழுதினேன். நோக்கம் என்ற இடத்தில் 'தூண்'. துணைக்கருவிகள் என்ற இடத்தில் இட்லி, மிளகாய்ப்பொடி, தண்ணீர்க் கூஜா, மாற்றுத் துணி, டார்ச் லைட். பஸ்ஸைவிட ரயிலில் கட்டணம் குறைவு, ஆகவே போவதும் வருவதும் ரயில். லாட்ஜ் என்ற பேச்சே இல்லை. என்னோடு வேலை பார்த்த ஆசிரியை ஒருத்தியின் அக்கா மதுரையில் இருந்தாள், ஒரு ராத்திரி அவள் வீட்டில் தங்கலாம் என்று கார்டு எழுதிக் கேட்டாயிற்று. வெறுங்கையோடு போகக் கூடாது, அதற்கு நம் பக்கத்துப் பாசிப்பயறு ஒரு படி. மதுரைக்குள் முடிந்தவரை நடை. கால் வலித்தால் மட்டும், அதுவும் அவளுக்கு வலித்தால் மட்டும், டவுன் பஸ். ஜிகர்தண்டா ஒரு கிளாஸ்.

"ஒரு கிளாஸ்னா யாருக்கு?" என்று கேட்டாள் மகள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் நான் நோட்டுத் திருத்திக்கொண்டிருப்பேன், எதிரே உட்கார்ந்து அவள் என் திட்டத்தைத் திருத்துவாள்.

"நம்ம ரெண்டு பேருக்கும்."

"அப்படின்னா ரெண்டு ஸ்பூன்னு எழுது. ஒரு ஸ்பூன்னா நீயே பிடிச்சுக்கிடுவ."

எழுதினேன்.

"தூணுக்கு மூணு பேரு வேணும்லா? நீ ஒரு ஆளு. எனக்கு அரை டிக்கெட்டு, அப்பம் நான் அரை ஆளு. மிச்சத்துக்கு எங்க போவோம்?"

"அங்கே போய்ப் பார்த்துக்கொள்வோம்" என்றேன். அவள் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. பென்சிலால் 'நோக்கம்' என்பதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவைத்தாள்.

குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தைத்தான் நான் பல நாள் எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். அதற்குத் தலைப்பு 'தொலைந்துபோனால்'. எனக்குக் கூட்டம் என்றால் பயம். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்துப் பிறந்தவள் அவள். மதுரைத் தெருக்களை நினைக்கும்போதெல்லாம் என் மனசில் வந்த படம், ஆயிரம் கால்களுக்கு நடுவே ஒரு பச்சைப் பாவாடை மறைந்துபோவதுதான். ஆகவே விதிகள் எழுதினேன். கை விட்டுப்போனால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், அம்மா அங்கேதான் திரும்பி வருவாள். அழக் கூடாது. நூறு வரைக்கும் எண்ணி ஒரு விரலை மடக்க வேண்டும், பத்து விரலும் மடங்கும்வரை எண்ண வேண்டும். அப்போதும் அம்மா வரவில்லையென்றால், கையில் பிள்ளையோடு நிற்கிற ஒரு பெண்ணாகப் பார்த்துப் போய், என் ஊர் இது, என் வீடு இது, என்னைக் கொண்டுபோய் விடுங்கள் என்று சொல்ல வேண்டும். யார் எது கொடுத்தாலும் தின்னக் கூடாது.

ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிட்டாள். ஆனால் தப்பில்லாமல் ஒப்பித்துவிட்டு ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளைப் பதினெட்டு வருடமாகப் பார்த்தவள் நான். பாடக்குறிப்பின் கடைசிப் பகுதி 'மதிப்பீடு'. அதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. நம் ஊரில் மதுரைக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வருகிற இடம் சனிக்கிழமைச் சாயங்காலத்து பஸ் ஸ்டாண்ட்தான். கூட்டிக்கொண்டு போனேன்.

கடிகாரத்துக்குக் கீழே அவளை நிறுத்தினேன். "இன்னைக்கு இது மதுரை. சரியா?"

"சரி."

"இது எந்த ஊரு?"

"மதுரை."

"யாரு கேட்டாலும்?"

"யாரு கேட்டாலும் மதுரைதான்."

கையை விட்டேன். எதிர்ப்பக்கம் போய், பத்திரிகைக் கடையை ஒட்டிய தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். ஐந்து விரல் மடக்கியதும் போய்க் கூட்டிக்கொண்டு, பாஸ் என்று சொல்லி, கொய்யாப்பழம் வாங்கிக் கொடுப்பதாகத் திட்டம். அவள் அசையவில்லை. உதடு மட்டும் அசைந்தது. ஒரு விரலை மடக்கினாள். வாசுதேவநல்லூர் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் மூட்டையோடு அவளை இடித்துக்கொண்டு போனார்கள். ஓர் அடி நகர்ந்துவிட்டு மறுபடி அதே இடத்தில் வந்து நின்றாள். இரண்டாவது விரல். என் பிள்ளை எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

"என்ன டீச்சரம்மா, தூணுக்குப் பின்னால நிக்கிய? யாருக்குப் பயந்து ஒளியுதிய?"

திருவேங்கடம் ஊர்ப் பக்கத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரி ஒருவர். அவர் மகன் என் வகுப்பில் படித்தான். உரத்த குரல், தோளில் எப்போதும் ஒரு சிவப்புத் துண்டு. பெற்ற பிள்ளைக்குத் தொலைந்துபோகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? திங்கட்கிழமை பள்ளிக்கூடம் முழுக்கச் சிரிக்கும்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. பஸ்ஸுக்கு நிக்கேன்."

"எந்த பஸ்ஸுக்கு?"

கண்ணில் பட்ட போர்டைச் சொன்னேன். "திருவேங்கடம்."

"அட, நம்ம பஸ்ஸுல்லா! முன்னாலயே சொல்லக்கூடாதா?"

பஸ் இன்னும் நிற்கவில்லை. அவர் பக்கத்திலேயே ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் போட்டார். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் ஒரு மரியாதை கிடையாது. ஒரு மணி நேரம் காத்து நின்றவன்கூடத் துண்டு கிடக்கிற சீட்டில் உட்கார மாட்டான். "டீச்சரம்மாவுக்கு ஜன்னல் சீட்டு! யாரும் தொடப்பிடாது!" என்று அவர் கத்திய கத்தலில் பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டே அந்த மரியாதையை மறுக்க முடியாது. படிக்கட்டு வரைக்கும் போனேன்.

"இன்னைக்கு வரல அண்ணாச்சி. ஒரு சாமானை மறந்துட்டேன்."

"என்ன சாமான்? எங்கன வச்சிய? சொல்லுங்க, நான் ஓடிப்போய் எடுத்துட்டு வாரேன். டிரைவர் நம்ம ஆளுதான், நிப்பாட்டி வைப்பாரு."

"இல்ல... வீட்ல."

"வீட்லன்னா என்ன, கூப்பிடு தூரம்தானே!"

அவர் அன்பாகக் கேட்கக் கேட்க நான் பொய்க்கு மேல் பொய்யாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பத்து நூறு எண்ணுவதற்குப் பதினைந்து நிமிடம் ஆகும் என்று கணக்குப்போட்டு வைத்திருந்தேன். அவள் எதையும் வேகமாகச் செய்கிறவள் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. எனக்கும் கடிகாரத்துக்கும் நடுவே இன்னொரு பஸ் வந்து நின்றிருந்தது. அது கிளம்பிப் போனபோது கடிகாரம் நாலு முப்பத்து மூன்று காட்டியது. கடிகாரத்துக்குக் கீழே யாரும் இல்லை.

ஓடினேன். டைம்கீப்பர் அறைக்குப் பின்னால், குழாயடியில், டீக்கடை பெஞ்சுக்கு அந்தப் பக்கம், எங்கும் இல்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. கொய்யாப்பழக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள்தான் சொன்னாள்.

"பச்சைப் பாவாடையா? ஒரு பொம்பளை கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாளே. அவகூட ரெண்டு புள்ளைய வேற. உங்க சொந்தம்னுல்லா நெனச்சேன். உங்க புள்ள அழக்கூட இல்லையே டீச்சர்."

"எந்தப் பக்கம் போனா?"

"கூட்டத்துல எங்கன பாக்க? இளையரசனேந்தல் பஸ்ஸுக்கு நின்ன பொம்பள அவ. அந்த பஸ்ஸு இப்பந்தான போச்சு."

அழக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தது நான். பிள்ளையோடு நிற்கிற பெண் என்று எழுதிக்கொடுத்ததும் நான். பிள்ளை வைத்திருக்கிற பெண் நல்லவளாகத்தான் இருப்பாள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? எந்தப் பாடத்தில் படித்தேன்? கொய்யாக் கூடை பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

சம்சாரி பஸ்ஸிலிருந்து குதித்து வந்தார். அவரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஒத்திகை, மதுரை, விரல், தூண் எல்லாவற்றையும். அவர் சிரிக்கவில்லை. "நான்லா உங்களைப் பேச்சுல பிடிச்சு வச்சேன்" என்று மட்டும் சொன்னார். எதிரே இருந்த சைக்கிள் கடையில் கேட்காமலே ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு இளையரசனேந்தல் ரோட்டில் மிதித்தார். திருவேங்கடம் பஸ் அவரில்லாமல் கிளம்பியது. ஜன்னல் சீட்டில் அவர் துண்டு மட்டும் போயிற்று.

நான் எழுந்து கடிகாரத்துக்குக் கீழே வந்து நின்றேன். சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

"வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வாங்களேன் டீச்சர்."

"நான் போகும்போது அவ இங்கே வந்துட்டான்னா?"

"அப்பம் புள்ள அடையாளத்தச் சொல்லுங்க, நாங்க நிக்கோம்."

"இல்ல. நான் இங்கேதான் நிப்பேன்னு சொல்லியிருக்கேன்."

அவர்களுக்கு அது பிடிவாதமாகப் பட்டிருக்கும். எனக்கு வேறு பிடி இல்லை. எழுதிய விதிகள் எல்லாம் என் கண்ணெதிரே நொறுங்கிப்போன பிறகு மிச்சமிருந்தது அந்த முதல் விதி ஒன்றுதான். அம்மா அங்கேதான் திரும்பி வருவாள். ஓர் அடி நகர்ந்தால் அதையும் உடைத்துவிடுவேன் என்று தோன்றியது. யாரோ ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்கள், உட்காரவில்லை. டைம்கீப்பர் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பினார். நான் எண்ண ஆரம்பித்தேன். நூறுக்கு ஒரு விரல். அவள் நின்ற இடத்தில் நின்று, அவள் பார்த்ததைப் பார்த்துக்கொண்டு எண்ணினேன். அங்கிருந்து பார்த்தால் பத்திரிகைக் கடைத் தூண் தெரிந்தது. பின்னால் ஒளிந்திருக்கிற ஒருத்தியின் சேலை அந்த நேரமெல்லாம் பளிச்சென்று தெரிந்திருக்கும். அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. எனக்காகத் தெரியாதது போல நின்றிருக்கிறாள். அந்தச் சேலை அங்கிருந்து விலகிப் போனதையும் பார்த்திருப்பாள். அந்த நிமிடத்தில்தான் அவளுக்கு ஒத்திகை முடிந்து நிஜம் தொடங்கியிருக்க வேண்டும்.

எட்டாவது விரலில் எண்ணிக்கை தப்பியது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன். நெய்வேலிக்கு எழுத வேண்டிய கடிதத்தின் முதல் வரி நடுநடுவே தானாக ஓடிவந்தது. அதைத் தள்ளித் தள்ளி எண்ணினேன்.

ஐந்தே முக்காலுக்குச் சம்சாரி திரும்பி வந்தார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. மூட்டை ஏற்றுவதற்காக ஊருக்கு வெளியே நின்ற பஸ்ஸைப் பிடித்திருக்கிறார்.

"ஒவ்வொரு சீட்டாக் குனிஞ்சு பாத்துட்டேன் டீச்சரம்மா. பஸ்ஸுல இல்ல."

இல்லை என்பது நல்ல சேதியா, கெட்ட சேதியா என்று எனக்கு விளங்கவில்லை. அவருக்கும் விளங்கவில்லை. சைக்கிளைப் பிடித்தபடி என் பக்கத்தில் பேசாமல் நின்றார். அவ்வளவு பேசுகிற மனுஷன் பேசாமல் நின்றதுதான் என்னை முதல்முறையாக அழவைத்தது.

எவ்வளவு நேரம் அப்படி நின்றோமோ தெரியாது. கொய்யாப்பழக்கார அம்மாள் கூடையை விட்டுவிட்டு எழுந்தாள். "ஏ டீச்சர்! அங்கன பாருங்க! அந்தப் பொம்பளதான்!"

கோயில் பக்கத்துத் தெருவிலிருந்து மெலிந்த ஒரு பெண் நடந்து வந்துகொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை. அதன் கை காலெல்லாம் சிரங்குக்குத் தடவிய கோயில் புற்றுமண் வெள்ளை வெள்ளையாகக் காய்ந்திருந்தது. பின்னால் ஒரு பையன் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு வந்தான். முன்னால் என் மகள். அந்தப் பெண்ணின் முந்தானை நுனி, என் மகளின் மணிக்கட்டில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. என் மகள் நெற்றியிலும் புற்றுமண்.

மகள் என்னைக் கண்டதும் ஓடிவரப் பார்த்தாள். முந்தானை இழுத்தது. நான்தான் போய் மண்டிபோட்டேன். அவள் என் கழுத்தைப் பிடித்துக்கொண்டு காதில் சொன்னாள்: "பத்து விரலும் மடக்குனேம்மா. நீ நெசமாவே தொலஞ்சிட்ட."

முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். இரண்டு முடிச்சும் இறுகியிருந்தன, முடியவில்லை. அந்தப் பெண் இடுப்புக் குழந்தையைச் சம்சாரி கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து அவளே அவிழ்த்தாள். அவள் பஸ் போய்விட்டிருந்தது. வெயிலில் அலைந்த முகம். கோபம் இருந்தது, அதற்குள் ஒரு சிரிப்பும் இருந்தது.

"நீங்கதானா அந்த டீச்சர்? நல்லா இருக்கு உங்க பாடம். எங்கிட்ட வந்து, அம்மாவக் காணும், என்னைச் சங்கரன்கோயில்ல கொண்டுபோய் விடுங்கங்கா. ஏட்டி, இதுதான் சங்கரன்கோயிலுங்கேன். இல்ல, இது மதுரைங்கா. புள்ள எதையோ கண்டு பயந்துட்டு போலன்னு கையில இருந்த புத்துமண்ண அள்ளிப் பூசுனேன். முறுக்கு குடுத்தா வேண்டாம்னுட்டா. பஸ்ஸு போனாப் போகட்டும்னு அவ சொன்ன தெருவுக்குக் கூட்டிட்டுப் போனா, வீடு பூட்டிக் கெடக்கு. அந்தப் பூட்டப் பாத்தப்புறம்தான் அழுதா. அதுவரைக்கும் மதுரைலதான் இருந்தா உங்க மக. வந்துருவீய வந்துருவீயன்னு வாசல்லயே உக்காந்திருந்தோம். அப்புறம் அவளே, எங்கம்மா வரமாட்டா, அங்கனயே நின்னு எண்ணிக்கிட்டு இருப்பா, போவோம் வாங்கன்னா."

முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு, சம்சாரியிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். என் மகள் அவளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் அதைக் கவனித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"வாசல்ல இருக்கும்போது என்னமோ தூணுன்னு சொன்னா. ஒரு ஆளு கொறையுதாம். என் ரெண்டு கையையும் விரிக்கச் சொல்லி, சாணு சாணா அளந்து பாத்தா. போதும்னுட்டா. எப்பம் போறோம் டீச்சர்?"